சார்ஜ் நிற்பதில்லை: போனை யாரிடம் கொடுப்பது?

என் போன் 31 சதவீதத்தில் செத்தது. கேமராவைத் திறந்தேன், திரை ஒருமுறை மின்னியது, அப்புறம் கறுப்பு. சார்ஜரில் செருகி இரண்டு நிமிடம் விட்டு ஆன் செய்தால், ஒன்றுமே நடக்காததுபோல 29 சதவீதம் என்று காட்டியது. அதாவது சார்ஜ் தீர்ந்து அணையவில்லை. உள்ளே சரக்கு இருந்தது, கேட்ட வேகத்தில் எடுத்துக் கொடுக்க பேட்டரிக்குத் தெம்பில்லை.

லித்தியம் அயான் பேட்டரிக்கு வயதானால் இரண்டு விஷயம் நடக்கும். அது பிடித்துவைக்கும் அளவு குறையும், உள்மின்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதை உள்ளிருந்தே தடுக்கும் தன்மை, கூடும். முதலாவதை எல்லோரும் உடனே உணர்ந்துவிடுவார்கள்: காலையில் போட்ட சார்ஜ் மத்தியானமே தீரும். இரண்டாவதுதான் ஆளைக் குழப்பும். கேமராவும் ஃபிளாஷும் பிராசஸரும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கும்போது வோல்டேஜ் சட்டென்று சரியும். ஓர் அளவுக்குக் கீழே போனதும் போன் அணைந்துவிடும். குளிரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இந்தக் கட்டத்துக்கு வந்தவர் முன்னால் ஐந்தாறு வழிகள் நிற்கும். நாமே செட்டிங்ஸைக் குடையலாம். கம்பெனியின் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். தனியார் ரிப்பேர் கடையில் கொடுக்கலாம். பேட்டரியும் கருவியும் வாங்கி நாமே மாற்றலாம். இல்லையென்றால் பவர் பேங்கோடு காலம் தள்ளிவிட்டு புது போனுக்குப் போகலாம். இவற்றில் பெரும்பாலானதை என் போனிலும் வீட்டார் போன்களிலும் பார்த்தாகிவிட்டது. எல்லா வழிக்கும் நான் வைத்திருக்கும் தராசு ஒன்றுதான்: பேட்டரியை மாற்றச் சொல்கிறவர் அதற்கு முன் எதையாவது அளந்து பார்த்தாரா? அளக்காமல் சொல்வது வெறும் யூகம். அதை வீட்டிலிருந்தே நானும் சொல்லிக்கொள்வேன்.

ஒப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாத நிலை

பேட்டரி உப்பியிருந்தால் மேலே சொன்ன பட்டியலே வேண்டாம். பின்மூடி ஓர் ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், அல்லது திரைக்கும் விளிம்புக்கும் நடுவே மெல்லிய கோடாக இடைவெளி தெரியும். சமமான மேசையில் வைத்தால் போன் ஆடும். பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் சிதைந்து வாயுவாகி, உறையை ஊதித் தள்ளுவதால் வருவது இது. போனுக்குத் தடிமனான கவர் போட்டிருப்பவர்கள் வாரக்கணக்கில் கவனிக்கவே மாட்டார்கள். ஆகவே சார்ஜ் நிற்காத போன் கையில் வந்தால் நான் முதலில் செய்வது கவரைக் கழற்றிப் பார்ப்பது.

உப்பியது உறுதியானால் சார்ஜ் போடக் கூடாது. தூக்கிய மூடியை அழுத்தி மூடப் பார்க்கக் கூடாது. காற்றை எடுத்துவிடலாம் என்று ஊசியால் குத்தும் மேதைகளும் இருக்கிறார்கள், அது நெருப்பைக் கூப்பிடும் வேலை. போனை அணைத்து, எளிதில் தீப்பிடிக்கும் சாமான்கள் இல்லாத இடத்தில் வைத்து, பக்கத்தில் வேலை தெரிந்தவர் யாரோ அவரிடம் கையோடு கொண்டுபோக வேண்டும். அவர் அங்கீகாரம் பெற்றவரா, தனியாரா என்ற விசாரணை அப்புறம். கூரியரில் அனுப்பும் வழி இங்கே அடைபட்டது: சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்ற அனுமதி கிடையாது.

பேட்டரி எவ்வளவு சின்ன குறைக்கும் பழிவாங்கும் என்பதற்கு 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 பட்ட பாடு போதும். ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது, அக்டோபரில் அதன் உற்பத்தியே நின்றது. 2017 ஜனவரியில் சாம்சங் வெளியிட்ட விளக்கத்தின்படி, ஒரு சப்ளையரின் பேட்டரியில் மேல் மூலையில் மின்முனை வளைந்திருந்தது, இன்னொருவருடையதில் வெல்டிங்கின் பிசிறு காப்புப் படலத்தைத் துளைத்தது. ஒரு மூலை வளைவு, ஒரு பிசிறு, அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலாக்கி பேட்டரியைத் தூக்கும் ஆளைக் கண்டால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

பேட்டரிதானா?

உப்பவில்லை, சரி. அப்புறம் பார்க்க வேண்டியது கோளாறு பேட்டரியில்தானா என்பது. இந்தக் கட்டத்துக்குச் செலவில்லை, யாரையும் கேட்க வேண்டியதும் இல்லை. அதனாலேயோ என்னவோ பலரும் இதைத் தாண்டிக் குதித்து நேரே கடைக்குப் போய்விடுகிறார்கள்.

சார்ஜ் ஏறவே இல்லை என்றால், பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் வேறொரு கேபிள், வேறொரு சார்ஜர். அதற்கும் மசியவில்லை என்றால் டார்ச் அடித்து சார்ஜிங் ஓட்டைக்குள் பாருங்கள். தங்கை போனில் கேபிள் உள்ளே போய் டக்கென்று உட்காராமல், பாதியில் நின்று தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தது. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறினேன். பஞ்சுபோல அமுங்கிப்போன சாம்பல் நிறத் தூசி ஒரு துண்டாக வந்தது, சட்டைப் பையின் நூல் எல்லாம் சேர்ந்து. அதன் பிறகு கேபிள் முழுசாக உட்கார்ந்தது, சார்ஜ் ஏறியது. ஊக்கோ குண்டூசியோ மட்டும் வேண்டாம், உள்ளே இருக்கும் முனைகள் வளைந்துவிடும்.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் சீக்கிரம் இறங்குகிறது என்றால் செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து எந்தச் செயலி எவ்வளவு தின்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே செயலி பாதியை விழுங்கியிருந்தால் அது பேட்டரியின் குற்றமல்ல. சிக்னல் பலவீனமான இடத்தில் இருந்தால் போன் டவரைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கே கூடுதல் சக்தியைச் செலவழிக்கும். வீடோ ஆபீஸோ மாறிய பிறகு சார்ஜ் நிற்பதில்லை என்று சொல்பவர்கள் இதை யோசிக்கலாம். பெரிய அப்டேட் வந்த முதல் இரண்டு மூன்று நாளும் கணக்கில் சேராது. படங்களை அடுக்குவது, செயலிகளைப் புதுப்பிப்பது என்று பின்னணியில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம்தான் பேட்டரியின் உடல்நிலை. ஐபோனில் பேட்டரி ஹெல்த் என்ற பக்கத்தில் சதவீதக் கணக்கே இருக்கிறது. அது வந்த கதையும் சுவாரசியம்தான். 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 (ஐபோனின் இயங்குதள அப்டேட்), பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் திடீரென்று அணையாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்தது. அந்த வருஷம் டிசம்பரில்தான் ஆப்பிள் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. எழுந்த கோபத்தில் 2018 முழுக்கக் குறைந்த கட்டணத்தில் பேட்டரி மாற்றிக் கொடுத்தார்கள், அந்த மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3இல் பேட்டரி ஹெல்த் பக்கமும் சேர்ந்தது. போன் மந்தமாகிவிட்டது, புதுசு வாங்க வேண்டியதுதான் என்று நினைத்த எத்தனையோ பேருக்கு, உண்மையில் பேட்டரி மட்டும்தான் மாற வேண்டியிருந்தது.

அந்தப் பக்கத்தில் 80க்குக் கீழே இறங்கினால் மாற்றும் நேரம் என்பது பொதுவான கணக்கு. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும், 15இலிருந்து வந்தவை 1,000 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் சொல்கிறது. ஒரு சுற்று என்பது ஒருமுறை செருகுவதல்ல. இன்று 60, நாளை 40 என்று செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒன்று.

ஆண்ட்ராய்டில் இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூகுளின் புதிய பிக்சல் போன்களில் தனிப் பக்கம் உண்டு. சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் செயலிக்குள் பரிசோதனை இருக்கிறது. எதுவுமே இல்லாத போனில் அக்யூபேட்டரி மாதிரியான செயலியைப் போட்டு, ஒரு வாரம் 20இலிருந்து 80, 90 வரை நீளமாகச் சார்ஜ் போட்டால், பேட்டரியின் இப்போதைய கொள்ளளவுக்கு ஒரு மதிப்பீடு கிடைக்கும். துல்லியம் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் 4,000 எம்ஏஹெச் (கொள்ளளவை அளக்கும் அலகு) பேட்டரி 2,700 என்று காட்டினால் சேதி புரிந்துவிடும்.

பேட்டரியைப் பூஜ்யம் வரை இறக்கி நூறுக்கு ஏற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு வைத்தியம் சுற்றிவருகிறது. சதவீதத்தைக் காட்டும் மீட்டர் தடுமாறியிருந்தால் அது கொஞ்சம் நேராகலாம், போன கொள்ளளவு திரும்பாது. ஃப்ரிட்ஜில் வைக்கும் வைத்தியத்துக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

உதவி எண்

கம்பெனியின் உதவி எண்ணையும் இணையத்தில் இருக்கும் சாட் வசதியையும் நான் ஒரே ஒரு காரியத்துக்குப் பயன்படுத்துவேன்: என் மாடலுக்கு ஏதாவது திட்டம் ஓடுகிறதா என்று கேட்க. கம்பெனிகள் சில சமயம் குறிப்பிட்ட மாடல்களின் பேட்டரியை இலவசமாகவே மாற்றித் தருகின்றன, நாம் கேட்காவிட்டால் அது கடந்துபோய்விடும். 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்கு கூகுள் ஒரு அப்டேட் அனுப்பியது. சில போன்களில் அது பேட்டரியின் கொள்ளளவைக் குறைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் இலவச பேட்டரி மாற்றத்தையோ, பணத்தையோ, புது பிக்சலுக்கான தள்ளுபடியையோ தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள், அதற்குக் கெடுவும் வைத்தார்கள். வாரண்டி இருக்கிறதா, எதெல்லாம் அதில் அடங்கும் என்பதையும் இங்கேயே கேட்டுவிடலாம்.

மற்றபடி எதிர்முனையில் இருப்பவர் கையில் ஒரு படிவம் இருக்கும். ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்டேட் செய்யுங்கள், கடைசியாக ஃபேக்டரி ரீசெட். இந்தக் கடைசியை நான் அவ்வளவு எளிதில் ஏற்க மாட்டேன். 31 சதவீதத்தில் அணையும் போனுக்கு ரீசெட் செய்து ஒரு பயனும் இல்லை, பேக்கப் எடுக்காத படங்கள் போவதுதான் மிச்சம். ஆப்பிள் மாதிரி சில கம்பெனிகளால் தூரத்திலிருந்தே போனில் பரிசோதனை ஓட்டிப் பார்க்க முடியும். அப்படி ஒன்று உண்டா என்று கேளுங்கள், உண்டென்றால் அந்த ஒரு அழைப்பு வீண் போகாது.

அங்கீகாரம் பெற்ற சென்டர்

இங்கே போவதற்கு வலுவான காரணங்கள் மூன்று: வாரண்டி, சரியான பேட்டரி, திறந்த போனை மறுபடி ஒழுங்காக மூடுவது. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுவார்கள். தண்ணீர் புகாத போன் என்பது பெரும்பாலும் அதன் விளிம்பில் ஓடும் பசையையும் ரப்பரையும் நம்பித்தான். ஒருமுறை திறந்தால் அது போய்விடும். புதிய பசையைச் சுத்தமாக ஒட்டி அழுத்தி மூடத் தெரிந்த இடமாக இருக்க வேண்டும்.

வாரண்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பேட்டரி தேய்வதை யாரும் குறைபாடு என்று ஏற்க மாட்டார்கள். பழுதான பேட்டரிக்குத்தான் வாரண்டி, வயதானதற்கு இல்லை. ஆப்பிளின் ஆப்பிள்கேர் பிளஸ் போன்ற கூடுதல் காப்பு எடுத்திருந்தால் மட்டும் 80 சதவீதத்துக்குக் கீழே போனதும் இலவசமாக மாற்றுவார்கள். ஆகவே இரண்டு வருஷப் போனை எடுத்துக்கொண்டு வாரண்டி நம்பிக்கையில் வரிசையில் நிற்பதற்கு முன் எந்தக் காப்பு உங்களிடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கசப்பு. ஒரு சென்டரில் என் பழைய போனைக் கொடுத்தேன். வாங்கியவர் பேட்டரியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனைத் திருப்பினார், திரையின் மூலையில் முடி அளவு கீறல் இருந்தது. திறக்கும்போது திரை உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை, அதனால் திரையையும் சேர்த்து மாற்றினால்தான் எடுத்துக்கொள்வோம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கீறல் விழுந்த கண்ணாடியைச் சூடாக்கித் தூக்கினால் விரிசல் ஓடத்தான் செய்யும். ஆனாலும் இரண்டும் சேர்த்து அவர் சொன்ன தொகையைக் கேட்டதும், அந்தப் போனின் மதிப்பே அவ்வளவு தேறாது என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பழைய மாடல்களுக்கு இன்னொரு சிக்கல். விற்பனையை நிறுத்தி ஏழு வருஷம் தாண்டிய போன்களை ஆப்பிள் வழக்கொழிந்தவை என்று ஒதுக்கிவிடும், அதன் பிறகு பழுதுபார்ப்பு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20இலிருந்து புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்கு, விற்பனை முடிந்த பிறகும் ஏழு வருஷம் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

போனைக் கொடுக்கும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். சில சென்டர்களில் போனையே மாற்றிக் கொடுப்பதும், எல்லாவற்றையும் அழித்துக் கொடுப்பதும் நடக்கும். நடக்கும் என்று அவர்கள் கொடுக்கும் தாளில் சின்ன எழுத்தில் எழுதியும் இருக்கும்.

ரிப்பேர் கடை

வாரண்டி முடிந்த போனுக்கு என் மனசு இங்கேதான் சாய்கிறது. ஆனால் இந்த வழியில்தான் நல்லதுக்கும் கெட்டதுக்கும் உள்ள தூரம் மிக அதிகம். போர்டில், அதாவது போனின் மின்சுற்றுப் பலகையில், மிளகை விடச் சின்ன பாகத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து மாற்றுகிறவரும் இங்கே இருப்பார், நகத்தால் நெம்புகிறவரும் இருப்பார். இரண்டு பேர் மேசையிலும் பசையை இளக்கச் சூடான காற்றை ஊதும் அதே ஹீட் கன்தான்.

நல்ல கைக்கு அடையாளமாக நான் பார்ப்பது மேசைமேல் இருக்கும் டிசி பவர் சப்ளை. பேட்டரிக்குப் பதிலாகப் போனுக்கு மின்சாரம் கொடுத்து, அது எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும், சிவப்பு எண்கள் ஓடும் சின்னப் பெட்டி. ஒரு டெக்னீஷியன் என் போனைத் திறந்து பேட்டரியின் கனெக்டரை எடுத்துவிட்டு, அந்தப் பெட்டியின் ஒயரை போர்டில் இணைத்தார். போன் அணைந்த நிலையில் ஆம்பியர் காட்டும் எண் பூஜ்யத்தில் நின்றது. "போர்டு சுத்தமா இருக்கு, சார். பேட்டரிதான்" என்றார். ஒரு நிமிட வேலை. போர்டில் எங்காவது கசிவு இருந்தால், அணைந்த போனும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்த எண் பூஜ்யத்தை விட்டு எழும். அப்படிப்பட்ட போனுக்கு எத்தனை புது பேட்டரி போட்டாலும் ராத்திரியோடு ராத்திரியாகக் காலியாகிவிடும். பேட்டரி மாற்றிய மறுநாளே பழைய கதை என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு நடந்திருப்பது இதுதான்.

அப்புறம் பேட்டரி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. கடையில் ஒரிஜினல் என்ற சொல்லுக்குக் குறைந்தது மூன்று அர்த்தம் உண்டு. கம்பெனியே விற்கும் புதுசு ஒன்று. உடைந்த போனிலிருந்து கழற்றியது இன்னொன்று: கம்பெனி பேட்டரிதான், ஆனால் எத்தனை சுற்று ஓடியதோ. மூன்றாவது, கம்பெனியின் முத்திரையை அச்சடித்த டூப்ளிகேட். இவை தவிர, தன் சொந்தப் பெயரிலேயே வரும் வெளிக்கம்பெனி பேட்டரிகளும் உண்டு. அவற்றில் நல்லவை இருக்கின்றன, ஒரிஜினல் என்று பொய் சொல்லும் டூப்ளிகேட்டை விட எனக்கு அவை மேல்.

கூடுதல் எம்ஏஹெச் என்ற ஆசைகாட்டலுக்கு விழ வேண்டாம். அதே அளவு இடத்துக்குள் 3,000 போட்டிருந்த கம்பெனி, 4,500 போட முடிந்திருந்தால் போடாமல் விட்டிருக்குமா? ஐந்து, பத்து சதவீதம் கூடுதல் என்றால் நம்பலாம். ஒன்றரை மடங்கு என்பது ஸ்டிக்கரில் மட்டும் இருக்கும். அப்படிப்பட்டதைக் கையில் எடுத்துப் பார்த்தால் பழையதை விட லேசாகவே இருக்கும்.

ஐபோன்காரர்களுக்குத் தனிப் பிரச்சினை. 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து, வெளியில் பேட்டரி மாற்றினால் இது அசல்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று செட்டிங்ஸில் செய்தி வரும், பழைய ஐஓஎஸ்களில் ஹெல்த் சதவீதமும் மறைந்துவிடும். போன் ஓடும், அதில் குறையில்லை. அந்தச் செய்தி வராமல் இருக்க சில டெக்னீஷியன்கள் பழைய பேட்டரியின் தலையில் இருக்கும் சின்ன போர்டை வெட்டியெடுத்து, புதுசின் செல்லோடு, அதாவது சக்தியைச் சேர்த்துவைக்கும் பகுதியோடு, ஸ்பாட் வெல்டிங் செய்வார்கள். அதில் பதிந்துள்ள சுற்று எண்ணிக்கையையும் சதவீதத்தையும் திருத்தி எழுதக் கருவியும் இருக்கிறது. ஆகவே 100 சதவீதம் என்று திரையில் காட்டினால் அது சான்றாகாது. செய்தி வரும், ஆனால் நல்ல பேட்டரி என்று நேராகச் சொல்கிறவரிடம் நான் கொடுப்பேன். செய்தியே வராது என்று சிரிக்கிறவரிடம் எப்படி என்று கேட்பேன்.

போன் கையை விட்டுப் போகும் முன் இரண்டு விஷயம். பேட்டரி மாற்ற யாருக்கும் உங்கள் பாஸ்வேர்டு தேவையில்லை. சரிபார்க்க வேண்டும் என்றால் நீங்களே பக்கத்தில் நின்று திறந்து காட்டலாம். சாம்சங்கில் 2022லிருந்தும், பிக்சலில் 2023 டிசம்பரிலிருந்தும் ரிப்பேருக்கென்றே ஒரு தனி நிலை இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் போன் வேலை செய்யும், உங்கள் படமும் செய்தியும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது, சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டுக் கொடுப்பது. பேட்டரிக்குள் சக்தி குறைவாக இருந்தால், தப்பித் தவறி அடிபட்டாலும் சேதம் குறையும். இதை அவரே கேட்டு வாங்கினால், சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

நாமே மாற்றுவது

பின்மூடியை நகத்தால் கழற்றி பேட்டரியைத் தட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. எளிதாகப் பழுதுபார்க்கும் போன்களைச் செய்யும் ஃபேர்போன் கம்பெனி, 2023இல் வந்த ஃபேர்போன் 5 வரை அப்படித்தான் செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் வருஷத்துப் பேட்டரி விதி, கருவிகளில் இருக்கும் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரி 18இலிருந்து அது நடைமுறைக்கு வருகிறது. 2022இல் ஆப்பிள், சாம்சங், கூகுள் மூன்றும் சில நாடுகளில் பொதுமக்களுக்கே உதிரிபாகம் விற்க ஆரம்பித்தன. ஐபோன் 16இல் ஒரு வேடிக்கை: பேட்டரியைப் பிடித்திருக்கும் பசையில் 9 வோல்ட் மின்சாரத்தை ஒன்றரை நிமிடம் பாய்ச்சினால் அது தானே விட்டுவிடும்.

அதற்கு முந்தைய பல ஐபோன்களில் அந்தச் சொகுசு இல்லை. பேட்டரிக்கு அடியில் வெள்ளையாக ரப்பர் நாடா மாதிரி ஒட்டியிருக்கும். அதன் வாலைப் பிடித்து, கிட்டத்தட்டப் படுக்கைவசமாக, மெதுவாக இழுக்க வேண்டும். நான் இழுத்தபோது ஒரு சாண் நீளத்துக்கு மிட்டாய்போல நீண்டு வந்து, பேட்டரியின் ஓரத்தில் உரசி, பட்டென்று அறுந்தது. மீதி உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஓரத்தில் சொட்டு சொட்டாக விட்டு, காத்திருந்து, பல் இடுக்கில் விடும் நூலை அடியில் கொடுத்து ரம்பம்போல இழுத்து இழுத்து, ஒன்றே கால் மணி நேரம் ஆனது. பேட்டரி வளையாமல் வந்தது. அன்று எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நிம்மதிதான்.

திருகாணிகளைக் கலந்துவிடக் கூடாது. ஒரு வெள்ளைத்தாளில் போனின் படம் வரைந்து, எடுத்த ஒவ்வொன்றையும் எடுத்த இடத்திலேயே ஒட்டி வைத்தேன். அரை மில்லிமீட்டர் நீளமான திருகாணியைத் தவறான ஓட்டையில் முறுக்கினால் அது போர்டின் உள் இழைகளை அறுத்துக்கொண்டு இறங்கிவிடும், அதன் பிறகு பேட்டரி மாற்றுவது மட்டும் போதாது.

உங்கள் போனில் பேட்டரி எளிதாகக் கழலும் வடிவமா, வழிகாட்டும் படங்கள் இருக்கின்றனவா, இன்னும் ஒரு போன் கைவசம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் செய்து பாருங்கள், வேலை பிடித்துப்போகும். மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். கருவி வாங்கும் செலவையும் பயத்தையும் கணக்கில் சேர்த்தால் கடைக்காரரின் கூலி அதிகமாகத் தெரியாது. திரையைக் கழற்றிய பிறகுதான் பேட்டரியைத் தொட முடியும் என்ற மாடல்களில் இப்போதெல்லாம் நான் கைவைப்பதே இல்லை.

மாற்றாமல் ஓட்டுவது

பேட்டரி ஹெல்த் 82, 83 சதவீதத்தில் நிற்கிறது, திடீரென்று அணையவில்லை, மாலைக்குள் ஒருமுறை சார்ஜ் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்றால் அப்படியே ஓட்டலாம். பவர் பேங்க் வாங்குகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. 10,000 எம்ஏஹெச் என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. அதை 5 வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்கும்போது வெளியே வருவது 6,000, 6,500 அளவுதான். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி போனில் இருந்தால் போட்டுவைக்கலாம், தேய்மானம் மெதுவாகும். தேய்ந்தது தேய்ந்ததுதான்.

பாதுகாப்பு அப்டேட்டே நின்றுபோன போனுக்குப் புது பேட்டரி போடுவதா என்பது தனிக் கேள்வி. அதில் பேங்க் வேலை பார்ப்பவர் என்றால், போட வேண்டாம், அந்தக் காசைப் புது போனுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பாட்டு கேட்கவும் அலாரம் வைக்கவும் மட்டும் என்றால் தாராளமாகப் போடலாம்.

என் போனுக்கு என்ன செய்தேன் என்றால், வாரண்டி முடிந்து ஒன்றரை வருஷம், அப்டேட் இன்னும் இரண்டு வருஷத்துக்கு உண்டு, செயலி காட்டிய கொள்ளளவு அசலில் 71 சதவீதம். சிவப்பு எண் பெட்டி வைத்திருந்தவரிடமே கொடுத்தேன். தண்ணீர்த் தடுப்புக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டதற்கு, பசை புதுசுதான் போடுவேன், ஆனால் இனிமேல் தண்ணீரில் முக்காதீர்கள் என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பில்லில் பேட்டரியின் பெயரையும் ஆறு மாத உத்தரவாதத்தையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

முதல் வாரம் மூன்றை மட்டும் கவனித்தேன்: சார்ஜ் போடும்போது வழக்கத்துக்கு மீறிச் சுடுகிறதா, மூடியின் ஓரம் எங்காவது எழும்புகிறதா, அணைத்துவைத்த போன் ராத்திரியில் எவ்வளவு இறங்குகிறது. எட்டு மணி நேரத்தில் ஒரு சதவீதம் இறங்கியிருந்தது. 20 சதவீதத்தில் கேமராவைத் திறந்து ஃபிளாஷோடு படமும் எடுத்துப் பார்த்தேன், அணையவில்லை. பழைய பேட்டரியைக் கேட்டு வாங்கி, அதன் கனெக்டர் முனையில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு எடுக்கிற இடத்தில் கொடுக்க வேண்டும்.